1944 மார்ட்டின் டி-28 ஹெரிங்போன்: வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி – ஆறுகம்பி

வணக்கம். நியூஜெர்சியில் ஒருவரிடம் மார்ட்டின் (அமெரிக்கக் கிட்டார் நிறுவனம்) டி-28 மாடல் கிட்டார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1944-இல் செய்தது, ஸ்காலப் பிரேஸ் (மேல்பலகையை உள்ளேயிருந்து தாங்கும், பள்ளமாகச் செதுக்கிய மரப்பட்டைகள்), ஓரத்தில் ஹெரிங்போன் (மீன்முள் மாதிரி அலங்காரப் பட்டி), எல்லாமே ஒரிஜினல் என்கிறார். சீரியல் நம்பர் ஐந்து இலக்கம், 894 என்று தொடங்குகிறது.

எனக்கு இடிக்கிற விஷயங்கள்: ஃப்ரெட்போர்டில் (கழுத்தில் ஃப்ரெட் என்ற உலோகக் கோடுகள் பதித்த விரல்பலகை) வெறும் வட்டப் புள்ளிகள்தான் இருக்கின்றன. பழைய ஹெரிங்போன் படங்களில் வருகிற வைர வடிவச் சிப்பிப் பதிப்பு இல்லை. சேடில் (கம்பிகள் மேலே தங்கும் சின்னத் துண்டு) பிரிட்ஜுக்கு (சேடிலைப் பிடித்திருக்கும், மேல்பலகையில் ஒட்டிய கட்டை) மேலே ஒன்றரை மி.மீ. கூட எழும்பவில்லை, அப்படியிருந்தும் 12-ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பி 4 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. பிக்கார்டின் (மீட்டும்போது பலகை கீறாமலிருக்க ஒட்டும் தகடு) ஓரத்தை ஒட்டி, பிரிட்ஜிலிருந்து சவுண்ட்ஹோல் (நடுத் துளை) வரைக்கும் ஒரு விரிசல். அதை எப்போதோ ஒட்டியிருக்கிறார்கள்.

நேரில் பார்க்க இரண்டு மணி நேரம் தருகிறார். கம்பியைத் தளர்த்தலாம், உள்ளே கண்ணாடி விட்டுப் பார்க்கலாம், எதையும் கழற்றக் கூடாது. கையில் என்னென்ன கொண்டு போக வேண்டும், எங்கே பார்க்க வேண்டும்? இன்னொன்று, இந்த விலைக்கு ஏழெட்டுப் புதிய எச்டி-28 (மார்ட்டினின் இன்றைய மாடல்) வாங்கிவிடலாம். அதிலும் ஹெரிங்போன், ஸ்காலப் பிரேஸ் இரண்டும் உண்டே, பழையதில் கூடுதலாக என்ன இருக்கிறது? அடுத்த வருடம் சென்னைக்கு எடுத்து வரும் எண்ணமும் இருக்கிறது.

பதில் 1 – கருங்காலி

முதலில் வட்டப் புள்ளி. அதை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். 1944-இல்தான் மார்ட்டின் டி-28-இல் வைரப் பதிப்பை விட்டுவிட்டு வட்டப் புள்ளிக்கு மாறியது. அந்த வருடக் கடைசியில் வந்த கிட்டாரில் வட்டப் புள்ளி இருப்பதுதான் சரி, வைரம் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

மார்ட்டின் சீரியல் நம்பர் மாடல் வாரியாக ஓடாது, தொழிற்சாலை முழுவதற்கும் ஒரே வரிசை. 1943 கடைசி எண் 86724, 1944 கடைசி எண் 90149. உங்கள் எண் இரண்டுக்கும் நடுவே, கடைசிப் பகுதியில் விழுகிறது. ஸ்காலப் பிரேஸை நிறுத்தியது 90000-க்குக் கொஞ்சம் முன்னால், 1944 இறுதியில். ஆக உங்களுடையது கடைசிக் கட்டத்து ஸ்காலப் பிரேஸ் கிட்டார்களில் ஒன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. எல்லைக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் நம்பரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. உள்ளே பார்த்தே ஆக வேண்டும்.

“ஹெரிங்போன்” என்ற பெயரால் ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. மீன்முள் மாதிரி போகும் அந்த ஓரப்பட்டி வெறும் அடையாளம், ஒலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த பட்டி, கையிருப்பு தீர்ந்து 1946 முடிந்து 1947 பிறக்கும்போது நின்றது. ஸ்காலப் பிரேஸோ அதற்கு இரண்டு வருடம் முன்பே நின்றுவிட்டது. அதனால் 1945, 1946 கிட்டார்களில் வெளியே ஹெரிங்போன் இருக்கும், உள்ளே ஸ்காலப் இருக்காது. “ஹெரிங்போன், எனவே ஸ்காலப்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

டி-28 வந்த வழி சுருக்கமாக: டிரெட்நாட் என்ற பெரிய உடல் வடிவத்தை 1916-இல் பாஸ்டனின் ஆலிவர் டிட்சன் நிறுவனத்துக்காக மார்ட்டின் செய்து கொடுத்தது. பெயர் பிரிட்டிஷ் போர்க்கப்பலிலிருந்து வந்தது. சொந்தப் பெயரில் 1931-இல் தொடங்கி, 1934-இல் உடலுக்கு வெளியே 14 ஃப்ரெட் தெரியும் இன்றைய வடிவத்துக்கு மாற்றினார்கள். எல்லாம் பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத்தில். (நம்ம தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் என்று ஒரு நிமிடம் நினைப்பவர்கள் உண்டு, அதற்காகச் சொல்கிறேன்.)

1934 முதல் 1944 வரை எல்லாம் ஒரே கிட்டார் இல்லை. 1939 வாக்கில் மூன்று மாற்றங்கள் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. எக்ஸ் பிரேஸின் (எக்ஸ் வடிவில் குறுக்கிடும் இரண்டு முக்கியப் பிரேஸ்கள்) குறுக்குப் புள்ளி அதற்கு முன் சவுண்ட்ஹோல் விளிம்பிலிருந்து சுமார் 25 மி.மீ. தள்ளி இருந்தது, அதைப் பிரிட்ஜ் பக்கம் இறக்கினார்கள். நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் துண்டு) அகலம் 44.5 மி.மீ.யிலிருந்து 43 மி.மீ.க்குக் குறைந்தது. ஃப்ரெட்போர்டு நாக்குக்கு (உடலின் மேல் நீளும் பகுதி) அடியில், மேல்பலகையின் குறுக்கே ஒரு தட்டைப் பட்டி சேர்ந்தது. ஐஸ் குச்சி மாதிரி இருப்பதால் பாப்சிகிள் பிரேஸ் என்பார்கள். உங்கள் 1944-இல் இந்த மூன்றும் இருக்க வேண்டும். 44.5 மி.மீ. நட்டோ, 25 மி.மீ. எக்ஸோ இருந்தால் நெக்கும் (கழுத்து) பிளாக்கும் (கழுத்தைப் பூட்டும் உள்கட்டை) வேறு வேறு கிட்டாரிலிருந்து வந்ததா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

எக்ஸ் முன்னால் இருந்தால் பிரிட்ஜைச் சுற்றியுள்ள பலகைக்குச் சுதந்திரம் அதிகம், கீழ்ச்சுரம் அள்ளிக்கொண்டு வரும். பின்னால் இறங்கினால் பிரிட்ஜுக்குத் தாங்கு கூடும், மேல்கம்பிகள் தெளியும், பலகை வயிறு தள்ளுவதும் குறையும். சந்தையில் முன்னதுக்குத்தான் விலை. தனிக்கம்பி வாசிப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் 1940-44 கிட்டார்களை நான் ஒரு படி மேலாகவே வைப்பேன்.

எச்டி-28 பற்றிக் கேட்டீர்கள். அது 1976-இல் வந்தது, ஹெரிங்போனையும் ஸ்காலப்பையும் திரும்பக் கொண்டு வந்த நல்ல கிட்டார். ஆனால் அதன் மேல்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கமும் இந்திய ரோஸ்வுட், அதாவது நம் ஊர் ஈட்டி. 1944-இல் மேலே அடிரோண்டாக் என்கிற சிவப்பு ஸ்ப்ரூஸ், முதுகிலும் பக்கத்திலும் பிரேசில் ரோஸ்வுட். அந்தச் சிவப்பு ஸ்ப்ரூஸ் எடைக்கு நல்ல விறைப்பு உள்ள மரம். ஸ்காலப் செய்து பிரேஸைக் குறைத்தாலும் பலகை தாங்கும், ஓங்கி அடித்தாலும் ஒலி நசுங்காமல் இன்னும் மேலே போகும். பெரிய மரங்கள் வெட்டித் தீர்ந்ததால் 1945-46 வாக்கில் சிட்காவுக்குப் போனார்கள். பிரேசில் ரோஸ்வுட்டை 1969-இல் விட்டார்கள். இத்துடன் மர இணைப்புகள் எல்லாம் வஜ்ஜிரப் பசை (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சுவது), மேலே மெல்லிய நைட்ரோ லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் மெருகுப்பூச்சு), எண்பது வருடம் காய்ந்த மரம். இவை அத்தனையும் ஒரே பெட்டியில் சேர்ந்திருப்பதற்குத்தான் அந்த விலை.

பதில் 2 – உளிச்சத்தம்

கருங்காலி சார் வரலாற்றைச் சொல்லிவிட்டார். நான் கையில் எடுத்துப் போக வேண்டியதிலிருந்து தொடங்குகிறேன்.

வளையும் தண்டுள்ள சின்ன எல்.இ.டி. விளக்கு, பல் மருத்துவர் கண்ணாடி அல்லது போனில் மாட்டும் குழாய்க் கேமரா, 45 செ.மீ. நேரான இரும்பு மட்டக்கோல், 0.5 மி.மீ. அளவு பிரித்த சின்ன ஸ்கேல், கேலிபர், ஒரு புற ஊதா டார்ச், பட்டன் அளவு நியோடைமியம் காந்தம், ஒரு மெல்லிய துணி. இவ்வளவு போதும்.

காந்தத்திலிருந்து தொடங்குங்கள், ஒரு நிமிட வேலை. 1934-இலிருந்து மார்ட்டின் நெக்குக்குள் டி வடிவ இரும்புப் பட்டை வைத்தது. போர் வந்ததும் இரும்பு கிடைக்கவில்லை, 1942-லிருந்து 1945 வரை அந்த இடத்தில் கருங்காலிக் கட்டையை இறக்கினார்கள். கம்பியைத் தளர்த்தி, ஃப்ரெட்போர்டின் நடுவில், ஐந்தாவது ஃப்ரெட்டுக்கும் ஏழாவதுக்கும் இடையில் துணியைப் போட்டு அதன் மேல் காந்தத்தை வையுங்கள். ஃப்ரெட் கம்பி நிக்கல் சில்வர், அது காந்தத்தை இழுக்காது. உள்ளே இரும்பு இருந்தால் காந்தம் ‘டக்’கென்று உட்காரும், துணியோடு தூக்கும்போது கையில் பிடிப்பு தெரியும். உங்கள் 1944-இல் எதுவுமே தெரியக் கூடாது. பிடித்தால் நெக் மாற்றியிருக்கிறார்கள் அல்லது நம்பர் பொய். நட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், டியூனர் (கம்பியை முறுக்கும் சாதனம்) திருகு ஏமாற்றும்.

அடுத்து சவுண்ட்ஹோல் வழியாக நெக் பிளாக்கைப் பாருங்கள். மேலே டி-28, கீழே சீரியல், இரண்டும் மரத்தில் குத்திய எழுத்து. பள்ளத்தின் அடியும் சுற்றியுள்ள மரமும் ஒரே பழுப்பாக இருக்க வேண்டும். பள்ளத்துக்குள் வெளிர் மரம் தெரிந்தாலோ, பிளாக் முகப்பில் அரத்தாள் தேய்த்த கோடு இருந்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். முதுகுப்பலகையின் வெளிப்புற நடுப்பட்டியையும் பாருங்கள்: ஹெரிங்போன் காலத்து டி-28-இல் வளைந்து வளைந்து போகும் ஜிக்-ஜாக் பட்டி. 1947-க்குப் பின் சதுரங்கக் கட்டம் மாதிரி. பின்னாளில் வந்த டி-28-க்கு மேலே ஹெரிங்போனை ஒட்டி விற்பவர்கள் முதுகுப்பட்டியைத் தொட மறந்துவிடுவார்கள்.

இனி பிரேஸ். இதுதான் முக்கியம். கேமராவை எக்ஸ் குறுக்கிலிருந்து பிரிட்ஜ் தாண்டிப் பக்கவாட்டு ஓரம் வரை மெதுவாக நகர்த்துங்கள். ஸ்காலப் என்றால் பிரேஸின் முதுகு எக்ஸிலிருந்து இறங்கி ஒரு பள்ளமாகி, மறுபடி ஒரு திமில் எழுந்து, பிறகு ஓரத்துக்குச் சரியும். ஒட்டகத்தைப் பக்கத்திலிருந்து பார்ப்பது போல. ஸ்காலப் இல்லாத பிரேஸ் எக்ஸிலிருந்து ஓரம் வரை நேர்ச்சரிவாகவே போகும், திமில் இருக்காது. பிரிட்ஜுக்குக் கீழே சாய்வாக ஓடும் இரண்டு டோன் பார்களிலும் (துணைப் பிரேஸ்கள்) இதே பள்ளமும் திமிலும் தெரிய வேண்டும்.

பள்ளம் இருக்கிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். 1945-க்குப் பிந்தைய கிட்டார்களைச் சவுண்ட்ஹோல் வழியாகக் கையை விட்டுச் செதுக்கி “ஸ்காலப்” ஆக்குவது 1970-களிலிருந்து நடக்கிற வேலை. அதன் அடையாளம் நிறம். எண்பது வருடப் பிரேஸ் முழுவதும் தேன் நிறத்தில் தூசி படிந்து இருக்கும். பின்னாளில் செதுக்கியிருந்தால் பள்ளம் வெளிறித் தெரியும். அதை மறைக்கத் தேநீரோ மரச்சாயமோ பூசியிருந்தால் பக்கத்து மேல்பலகையிலும் திட்டு விழுந்திருக்கும். கை எட்டாத ஓரத்தில் உளித்தடம் கரடாக இருக்கும், தொழிற்சாலை வேலையில் அந்த முனையும் வழுவழுப்பாகவே இருக்கும். எக்ஸ் குறுக்கின் மேல் ஒட்டிய சின்னத் துணித்துண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய மார்ட்டினில் அது இருக்கும். புதுத்துணியோ வெள்ளைப் பசையோ தெரிந்தால் எக்ஸைப் பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள்.

லாக்கருக்குப் புற ஊதா டார்ச். இருட்டு அறையில் அடித்தால் பழைய நைட்ரோ மஞ்சள் கலந்த பச்சையாக மங்கலாக ஒளிரும். பின்னால் தெளித்த இடம் கறுப்பாகவோ நீலமாகவோ தனித்து நிற்கும். பிரிட்ஜைச் சுற்றி, ஹீல் (கழுத்தின் அடிப்பகுதி) இணைப்பில், பிக்கார்டு ஓரத்தில் திட்டுகள் இருந்தால் அது பழுதுபார்த்ததன் தடம், அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. மேல்பலகை முழுவதும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் மறுபூச்சு. மறுபூச்சு என்றால் சந்தை விலை வழக்கமாகப் பாதிக்கு இறங்கும். தேய்க்கும்போது பலகையும் மெலிந்திருக்கும், அந்த இழப்பைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது.

உங்கள் பிக்கார்டு விரிசல் பழைய மார்ட்டினுக்குப் பொதுவான வியாதி. செல்லுலாய்டை நேராகப் பூச்சில்லாத வெறும் மரத்தின் மேலேயே ஒட்டி, அதற்கு மேல் லாக்கர் அடித்தார்கள். செல்லுலாய்டு வருடத்துக்கு வருடம் சுருங்கும். சுருங்கும்போது ஒட்டிய ஸ்ப்ரூஸையும் சேர்த்து இழுக்கும், ரேகை வழியே பலகை பிளக்கும். உள்ளேயிருந்து 1.5 மி.மீ. தடிமனுள்ள ஸ்ப்ரூஸ் துண்டுகள் விரிசலுக்குக் குறுக்காக ஒட்டியிருந்தால் போதும். ஆனால் பிக்கார்டு இன்னும் ஓரத்தில் சுருண்டு மேலே வளைகிறதா பாருங்கள். வளைந்தால் அதைச் சூடாக்கிக் கழற்றி, அடி மரத்துக்கு ஒரு பூச்சு கொடுத்து, பிறகு மெல்லிய இருபக்க ஒட்டுப்பட்டையால் திரும்ப வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டிய விரிசல் மறுபடி திறக்கும்.

சேடில் தாழ்வு, கம்பி உயரம் இரண்டும் சேர்ந்தால் நெக் ரீசெட் (கழுத்தைக் கழற்றிக் கோணத்தைத் திருத்தி மறுபடி ஒட்டுவது) வேண்டும் என்று அர்த்தம். கம்பியை முழுச்சுருதியில் வைத்துவிட்டு, மட்டக்கோலை ஃப்ரெட்டுகளின் மேல் நடுவாகப் படுக்க வையுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் போனால் கோணம் சரி. பிரிட்ஜின் முகத்தில் இடித்தால் எத்தனை மி.மீ. கீழே என்று குறித்துக்கொள்ளுங்கள். அதோடு பிரிட்ஜின் நடு உயரத்தையும் கேலிபரில் அளங்கள். ஒரிஜினல் என்றால் 8-9 மி.மீ. இருக்கும். நெக்கைச் சரிசெய்யச் சோம்பேறித்தனப்பட்டுப் பிரிட்ஜை இழைத்துவிடுவது அந்தக் காலத்தில் சகஜம். சேடில் பள்ளத்தையும் பாருங்கள்: 1965 வரை சேடில் பள்ளம் பிரிட்ஜின் இரு ஓரத்துக்கும் நீண்டு ஓடும். நடுவிலேயே முடிகிற குட்டைப் பள்ளமாக இருந்தால் பிரிட்ஜ் பிற்காலத்தது.

டியூனர் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். போர்க்காலத்தில் கிடைத்ததைப் போட்டார்கள். ஹெட்ஸ்டாக்கின் (தலைப்பகுதி) பின்னால் அடைத்த திருகுத்துளைகள் இருக்கின்றனவா என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பதில் 3 – ஏழுஸ்வரம்

உளிச்சத்தம் அண்ணன் சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன்.

கருங்காலி நெக் இரும்பு நெக்கைவிட இலேசு, கிட்டாரைத் தோளில் மாட்டினாலே தெரியும். ஆனால் விறைப்பு குறைவு. பழைய மார்ட்டினில் திருகிச் சரிசெய்யும் டிரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடும் உலோகக் கோல்) கிடையாது, அது 1985-இல்தான் வந்தது. அதனால் நெக் முன்னால் வளைந்திருந்தால் ஆலன் கீயால் எதுவும் செய்ய முடியாது. முதல் ஃப்ரெட்டையும் 14-ஆவது ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி பாருங்கள். 0.1 முதல் 0.25 மி.மீ. நல்லது. 0.4-ஐத் தாண்டினால் ஃப்ரெட் முழுவதையும் எடுத்து, ஃப்ரெட்டின் கால் (மரத்துக்குள் இறங்கும் பகுதி) அதன் பள்ளத்தைவிட இம்மியளவு தடித்த கம்பியாகப் பார்த்து அடிக்க வேண்டும். ஒவ்வொரு கால் ஆப்பு மாதிரி இறங்கிக் கழுத்தைப் பின்னால் தள்ளும். தேர்ந்த கை வேண்டும், இரண்டு மூன்று பள்ளங்களில் அதிகமானால் நெக் எதிர்ப்பக்கம் வளைந்துவிடும். இதை நெக் ரீசெட்டுக்கு முன் செய்ய வேண்டுமே தவிரப் பின் அல்ல, வளைவு மாறினால் கோணமும் மாறும்.

இரண்டாவது, பிரிட்ஜ் பிளேட். கேமராவைப் பிரிட்ஜுக்கு நேர் அடியில் கொண்டுபோனால் மேப்பிள் தகடு ஒன்று தெரியும், சின்னதாக. கம்பி முனையின் குண்டு உட்காரும் இடம் பல்லால் கடித்தது போலக் குழிந்திருக்கும். இதைப் பார்த்ததும் சிலர் பிளேட்டையே பிடுங்கிப் புதிது போடச் சொல்வார்கள், அதற்குச் சம்மதிக்காதீர்கள். பிடுங்கும்போது மேல்பலகையின் உள்முகத்தில் சிலாம்பு பெயர்ந்துவரும். குழிந்த இடத்தை மட்டும் வட்டமாக வெட்டி, மேப்பிள் வில்லைகளை ரேகை பொருத்தி ஒட்டி, துளையைத் திரும்பப் போட்டால் போதும். ஏற்கெனவே பிளேட் அகலமாக, கருஞ்சிவப்பு ரோஸ்வுட்டில் இருந்தால் 1960-70-களில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அது எடையைக் கூட்டி மேல்கம்பிகளின் துள்ளலைக் குறைக்கும், விலையிலும் அடிபடும்.

மாற்றம் செய்ததெல்லாம் ஒலியில் மோசம் என்றும் நினைக்க வேண்டாம். கிட்டார் கலைஞர் கிளாரன்ஸ் வைட் வைத்திருந்து, 1975-இல் இன்னொரு கலைஞர் டோனி ரைஸ் கைக்குப் போன 1935 டி-28-இன் சவுண்ட்ஹோல் பெரிதாக வெட்டப்பட்டது, ஃப்ரெட்போர்டும் மாற்றப்பட்டது. ப்ளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புறக் கம்பியிசை) உலகில் அதைவிடப் பேசப்பட்ட டி-28 ஒலி இருக்கிறதா என்ன? ஆகவே வாசிக்க வாங்குகிறீர்களா, சேர்த்துவைக்க வாங்குகிறீர்களா என்று முதலில் முடிவு செய்யுங்கள். வாசிக்க என்றால் விரிசல் ஒட்டிய, பிரிட்ஜ் மாற்றிய, ஆனால் பிரேஸும் மேல்பலகையும் தொடாத கிட்டாரைக் குறைந்த விலைக்கு எடுப்பதுதான் என் யோசனை.

ஆறுகம்பி

மூவருக்கும் நன்றி. போய்ப் பார்த்துவிட்டேன். அளந்தது இது:

காந்தம் எங்கேயும் பிடிக்கவில்லை. நட் 43 மி.மீ. முதுகுப்பட்டி ஜிக்-ஜாக். பாப்சிகிள் பிரேஸ் இருக்கிறது. பிரேஸில் பள்ளமும் திமிலும் நன்றாகத் தெரிகின்றன, பள்ளமும் மற்ற இடமும் ஒரே நிறம். டோன் பார்களும் அப்படியே. எக்ஸின் மேல் பழுப்பேறிய துணி. பிரிட்ஜ் பிளேட் சின்ன மேப்பிள், மூன்று துளைகள் குழிந்துவிட்டன.

பிரிட்ஜ் நடு உயரம் 6.5 மி.மீ. சேடில் பள்ளம் இரு ஓரத்துக்கும் போகிறது. மட்டக்கோல் பிரிட்ஜ் மேல்விளிம்புக்கு 1 மி.மீ. கீழே இடிக்கிறது. ஏழாவது ஃப்ரெட் இடைவெளி 0.2 மி.மீ. புற ஊதாவில் மேல்பலகை ஒரே சீராகப் பச்சை, விரிசலைச் சுற்றி மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு இருட்டு.

பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அது பயப்பட வேண்டியதா?

உளிச்சத்தம்

அருமையான சரக்கு. வீக்கத்தைப் பற்றி முதலில்: ஸ்காலப் பிரேஸ் மேல்பலகை எண்பது வருடம் இழுவையைத் தாங்கியபின் கொஞ்சம் வயிறு வைப்பது இயல்பு. பார்க்க வேண்டியது இரண்டு. ஒரு தாளின் ஓரத்தைப் பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் செருகிப் பாருங்கள், உள்ளே போனால் பிரிட்ஜ் கிளம்புகிறது. பிறகு விரல் நுனியால் மேல்பலகையை அங்கங்கே மெதுவாகத் தட்டிக் கேளுங்கள், பிரேஸ் விட்டிருக்கும் இடத்தில் ‘ஜிர்’ என்று ஒரு அதிர்வு வரும். பிரேஸ் விட்டிருந்தால் சூடான வஜ்ஜிரத்தை இடுக்கில் ஏற்றி, உள்ளே முட்டுக் கொடுத்து ஒரு இரவு விட்டால் சேர்ந்துவிடும். இரண்டும் இல்லையென்றால் வீக்கத்தை விட்டுவிடுங்கள். அதைத் தட்டையாக்குகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

பிரிட்ஜ் இழைக்கப்பட்டிருக்கிறது. ஆக நெக் கோணம் பார்ப்பதைவிட அதிகமாகவே விழுந்திருக்கிறது. கணக்குப் போடுவோம். சரியான பிரிட்ஜ் 8.7 மி.மீ. என்று வைத்தால் இழைத்துப் போனது 2.2. மட்டக்கோல் 1 மி.மீ. கீழே. மொத்தம் பிரிட்ஜில் 3.2 மி.மீ. ஏற வேண்டும். ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) 25.4 அங்குலம், அதாவது 645 மி.மீ.; 14-ஆவது ஃப்ரெட்டிலிருந்து சேடில் வரை 287 மி.மீ. ஹீலின் உயரம் சுமார் 95 மி.மீ., உங்களுடையதை அளந்து போட்டுக்கொள்ளுங்கள். 3.2-ஐ 95-ஆல் பெருக்கி 287-ஆல் வகுத்தால் 1.06. ஹீலின் அடிமுனையில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் சீவ வேண்டும், மேலே போகப் போகப் பூஜ்யமாக வேண்டும். இவ்வளவு சின்ன வேலைக்குத்தான் அந்தக் காலத்தில் பிரிட்ஜைக் கெடுத்திருக்கிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது.

ரீசெட் செய்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: 15-ஆவது ஃப்ரெட்டை எடுத்து, பள்ளத்தில் 2 மி.மீ. துளை போட்டு, டவ்டெயில் (கழுத்தை உடலோடு பூட்டும் ஆப்பு இணைப்பு) இடுக்கில் நீராவி விடுவதாகச் சொன்னால் சரி. ஃப்ரெட்போர்டு நாக்கை முன்பே சூட்டால் விடுவிக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்பலகை ரேகையோடு பிளக்கும். நீராவி இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் லாக்கர் வெளுக்கும், பக்கத்துப் பசையும் இளகும். திரும்ப ஒட்டும்போது வஜ்ஜிரம்தான். எபாக்சி என்று சொன்னால் கிட்டாரைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள், அடுத்த ரீசெட் செய்பவருக்கு அது பிரியவே பிரியாது.

பழைய பிரிட்ஜை எறிய வேண்டாம், கேஸில் போட்டு வையுங்கள். புதிதைக் கருங்காலியில் அதே அடித்தடத்துக்குச் செய்யச் சொல்லுங்கள், ஒரு மி.மீ. பெரிதானாலும் லாக்கரைச் சுரண்ட வேண்டிவரும். சேடில் 3 மி.மீ. வெளியே, 12-ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பி 2.4, முதல் கம்பி 1.8 என்று வந்து நிற்கும். ரீசெட், பிரிட்ஜ், பிளேட் வில்லை மூன்றுக்கும் எழுத்தில் விலை வாங்கி, அதை விற்பவரிடம் காட்டி அப்படியே கழிக்கச் சொல்லுங்கள்.

கம்பி .012 செட் (முதல் கம்பியின் தடிமன், அங்குலத்தில்). மீடியம் .013 செட் ஏறக்குறைய 84 கிலோ இழுக்கும், .012 சுமார் 73 கிலோ. மேல்பலகைக்கு அந்த 11 கிலோ பெரிய வித்தியாசம். மார்ட்டின் ஸ்காலப்பை நிறுத்தியதே தடித்த கம்பி போட்டு வயிறு தள்ளிய கிட்டார்கள் திரும்பி வந்ததால்தான்.

கருங்காலி

சென்னைப் பயணம் பற்றி யாரும் சொல்லவில்லை. பிரேசில் ரோஸ்வுட் 1992-இலிருந்து சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச) ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, புலி, யானை இருக்கும் அதே பட்டியல். ஒப்பந்தத்துக்கு முன் செய்த இசைக்கருவி என்ற சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் செய்யலாம். அமெரிக்காவில் அதைத் தருவது மீன், வனவிலங்குத் துறை. விற்பவரிடம் சீரியல், வருடம், முதுகு, பக்க மரத்தின் பெயர் எல்லாம் எழுதிய ரசீது வாங்குங்கள், விண்ணப்பத்துக்கு அதுதான் ஆதாரம். பயணத் தேதிக்குப் பல மாதம் முன்பே அனுப்புங்கள்.

நட்டும் சேடிலும் யானைத் தந்தமாக இருக்க வாய்ப்பு உண்டு, அந்தக் காலத்து 28 வரிசையில் அதுதான் வழக்கம். தந்தத்தோடு இந்தியாவுக்குள் வரும் எண்ணமே வேண்டாம். ரீசெட் நடக்கும்போதே இரண்டையும் மாட்டெலும்பில் மாற்றிவிட்டு, பழையதை அமெரிக்காவிலேயே பத்திரப்படுத்துங்கள்.

வந்தபின் ஈரப்பதம். இந்த மாதிரி கிட்டாருக்கு 45-50 சதவீதம் நல்லது. சென்னையில் சாதாரணமாகவே 70-ஐத் தாண்டும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். மேல்பலகை ஊதி, கம்பி உயரும், வஜ்ஜிரம் இளக்கம் கொடுக்கும். கேஸுக்குள் ஒரு டிஜிட்டல் ஈரமானியும், இருபக்கமும் வேலை செய்யும் ஈரப்பத உறையும் போட்டு, கேஸை மூடியே வையுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்து நேரே மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வாசிக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் பத்து நிமிடம் கூட வேண்டாம். 60 டிகிரி சூட்டில் வஜ்ஜிரம் நகரும், பிரிட்ஜ்தான் முதலில் எழும்பும்.